குதிரையும் ரம்மியும் ஹிட்லரின் மீசையும்

உதகைக் குதிரைப் பந்தயத் திடலுக்கும், இங்கே நெல்லியாளத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் நள்ளிரவு தாண்டியும் ஒளிரும் கைபேசிகளுக்கும் என்ன உறவு? சட்ட வரலாற்றைப் புரட்டினால் நெருங்கிய உறவுதான்.

1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குதிரைப் பந்தயம் சூதன்று, திறன் சார்ந்த ஆட்டமே என 1996 சனவரியில் தீர்ப்பு வந்தது. 'திறனா, வாய்ப்பா?' என்ற அந்தக் கேள்வியே பின்னர் கணினித் திரைக்கும் குடிபெயர்ந்தது. இணைய ரம்மியைத் தடுத்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நீக்கியது. பணமிழந்தோரின் தற்கொலைகள் தொடரவே, நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கையை ஒட்டி 2022இல் மீண்டும் சட்டம் இயற்றப்பட்டது. ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை மறுமுறை நிறைவேற்ற, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிட்டியது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறனாட்டங்கள் என்று நீதிமன்றம் அவற்றை விலக்கிவிட்டது! 2025இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டு கூடாதென மாநில அரசு விதி செய்தது. நீதிமன்றமும் அதனை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறனாயினும் வாய்ப்பாயினும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்துக்கும் தடைச் சட்டம் நிறைவேற்றியது.

வள்ளுவர் சூதைப் பொருட்பாலில் வைத்தார். நம் சட்டங்களும் அங்கேயே நிற்கின்றன. பிழையில்லை, வீட்டில் சாவு விழுந்தபின் இலக்கணம் பேசுவதில் பயனில்லை. ஆயினும் விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இச்சட்டங்கள் எட்டிப் பார்க்கவேயில்லை.

செர்மனியில் கதை வேறு. நூல்களையும் இதழ்களையும் ஆராய்ந்து இளையோரைக் காக்க 1954இல் அங்கே ஓர் அரசு அமைப்பு செயற்படத் தொடங்கியது. முப்பதாண்டு கழித்து அதன் பட்டியலில் முதலில் ஏறிய கணினி விளையாட்டுகளுள் 'ரிவர் ரெய்டு' ஒன்று. ஆற்றின் மேல் விமானம் பறக்கவிடும் எளிய ஆட்டம்! பட்டியலில் ஏறியதை இளையோர்க்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ இயலாது. 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'க்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். நாஜிகளை எதிர்த்துப் போரிடும் அவ்விளையாட்டு, சுவஸ்திகச் சின்னம் இருந்த காரணத்தால் 1994இல் பறிமுதலுக்கு ஆளானது. திரைப்படத்தில் கலையின் பெயரால் அனுமதிக்கப்பட்ட சின்னம் விளையாட்டில் குற்றம். அவ்வச்சத்தில் உருவாக்குநர்கள் தாமே கத்தரிக்கோல் எடுத்தனர். 2017இல் வெளிவந்த 'வுல்ஃபென்ஸ்டைன் 2' ஆட்டத்தின் செர்மன் பதிப்பில் ஹிட்லருக்கு மீசை மழிக்கப்பட்டது. மீசையற்ற ஹிட்லரைக் கொண்டு வரலாற்றை எவ்வாறு கற்பிப்பது? 2018 ஆகஸ்டில்தான், தனித்தனியே ஆராய்ந்து, கலைக்குரிய சலுகையை விளையாட்டுக்கும் நீட்டலாம் என்றனர்.

செர்மானியத் தணிக்கையைப் பொறாமையோடு நோக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்காடலின் ஊடே விளையாட்டு ஒரு படைப்பு என்ற தகுதியைப் பெற்றது. இங்கே பப்ஜி 2020 செப்டம்பரில் முடக்கப்பட்டபோது ஆணை கூறிய காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், துப்பாக்கியன்று.

1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நெல்லியாளத்தைச் சுற்றிலும் வாழ்கின்றன. அவர்தம் பேரப்பிள்ளை ஒருவர் நாளை அக்கப்பல் பயணத்தைக் கணினி விளையாட்டாக வடிக்கலாம். திரைப்படமாயின் 1952ஆம் ஆண்டுச் சட்டமும் தணிக்கை வாரியமும் உண்டு. வெட்டை எதிர்த்து நீதிமன்றம் ஏற வழியும் உண்டு. விளையாட்டாயின், பணம் கட்டி ஆடுவதா இல்லையா என்பதே அவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி.