பார்னெல் விவகாரம்

அயர்லாந்து நாடாளுமன்றக் கட்சியின் தலைவர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் (1846–1891) மணமான பெண்ணொருவருடன் கொண்டிருந்த உறவு மணவிலக்கு வழக்கில் வெளிப்பட்டதால், 1890ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த அரசியல் நெருக்கடி. பிரிட்டனின் லிபரல் கட்சியும், அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்களும், பார்னெலின் சொந்தக் கட்சியினரில் பெரும்பாலோரும் அவர் தலைமையை விட்டு விலக வேண்டும் என்றனர். அவர் மறுத்தார். கட்சி இரண்டாக உடைந்தது. ஓராண்டுக்குள் அவர் இறந்தும் போனார். அந்த உறவு ஏறத்தாழப் பத்தாண்டுகளாக அரசியல் வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்திருந்தது. விலகச் சொன்னவர்களில் சிலர் அதை அறிந்திருந்ததோடு, அதனால் பயனும் பெற்றிருந்தனர்.

பின்புலம்

பார்னெல் விக்லோ மாவட்டத்தின் அவான்டேல் பண்ணையில் பிறந்த புராட்டஸ்டன்ட் நிலக்கிழார். அவர் 1879இல் நிலச் சங்கத்தின் தலைவராகி, கத்தோலிக்கக் குத்தகை விவசாயிகளின் நம்பிக்கையைப் பெற்றார். 1881 அக்டோபர் முதல் 1882 மே வரை கில்மெய்னம் சிறையில் இருந்தார். 1885 பொதுத்தேர்தலில் அவருடைய கட்சி 86 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டு லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த அயர்லாந்துத் தன்னாட்சி மசோதா 343க்கு 313 என்ற கணக்கில் தோற்றாலும், லிபரல் கட்சிக்கும் பார்னெலுக்கும் இடையே உருவான கூட்டணி நிலைத்தது.

1880இல் அவர் கேத்தரின் ஓஷேயைச் சந்தித்தார். கேத்தரினின் கணவர் கேப்டன் வில்லியம் ஓஷே, கிளேர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். கணவனும் மனைவியும் பெரும்பாலும் வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்தனர். லண்டனை அடுத்த எல்தமில் கேத்தரினின் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டவர் பெருஞ்செல்வரான அவருடைய பெரியம்மா. கேத்தரின் பார்னெலுக்கு மூன்று பெண் குழந்தைகளைப் பெற்றார் என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே ஐயமில்லை. முதல் குழந்தை 1882 பிப்ரவரியில் பிறந்து, ஏப்ரலில் இறந்தது. அப்போது சிறைவாசத்திலிருந்த பார்னெல், உறவினர் ஒருவரின் இறுதிச்சடங்குக்காகக் கிடைத்த சில நாள் விடுப்பில், எல்தமுக்கு வந்து அக்குழந்தையைப் பார்த்தார்.

இந்த உறவு எப்போது யாருக்குத் தெரிந்தது என்பதே பிற்கால விவாதங்களின் மையம். 1882 மே மாதத்தில் உள்துறை அமைச்சர் ஹார்கோர்ட் இதை அமைச்சரவையில் தெரிவித்தார். அதற்குப் பிறகும் பிரதமர் கிளாட்ஸ்டன் பார்னெலுடன் தொடர்புகொள்ளக் கேத்தரினையே இடையாளாக ஏற்றுக்கொண்டார். கடிதங்களும் மசோதா வரைவுகளும் அவர் வழியாகச் சென்று வந்தன. கிளாட்ஸ்டன் அந்த உறவின் தன்மையை முழுவதும் உணர்ந்திருந்தாரா, வதந்தி என்று ஒதுக்கியிருந்தாரா என்பதில் அவருடைய வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. 1886 பிப்ரவரியில் கால்வே இடைத்தேர்தலில் கேப்டன் ஓஷேயை வேட்பாளராகப் பார்னெல் வலிந்து திணித்தபோது, கட்சி மூத்தவர் ஜோசப் பிக்கரும் டிமதி ஹீலியும் காரணத்தை ஊகித்து வெளிப்படையாகவே எதிர்த்தனர். அதே ஆண்டு மே 24 அன்று 'பால் மால் கெசட்' ஏடு, பார்னெலின் வண்டி எல்தம் அருகே நள்ளிரவில் காய்கறி வண்டியொன்றுடன் மோதியதைச் செய்தியாக்கியது. தலைப்பு பார்னெலின் புறநகர் ஒதுங்கிடத்தைப் பற்றியது. லண்டனில் அதன் உட்பொருள் புரியாதவர் குறைவு.

வழக்குக்கு முந்தைய ஆண்டில் பார்னெலின் புகழ் உச்சத்தில் இருந்தது. 'டைம்ஸ்' நாளேடு 1887இல் அவர் எழுதியதாக வெளியிட்ட கடிதம், டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பிரிட்டிஷ் அரசின் உயர் அதிகாரிகள் கொல்லப்பட்டதற்கு அவர் உடன்பட்டவர் என்று காட்டியது. விசாரணை ஆணையத்தின் முன் வழக்கறிஞர் சார்ல்ஸ் ரஸ்ஸல், ரிச்சர்ட் பிகாட் என்ற பத்திரிகையாளரிடம் ஒரு தாளைக் கொடுத்துச் சில சொற்களை எழுதச் சொன்னார். அவற்றில் தயக்கம் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் பிகாட் தவறான எழுத்துடன் எழுதினார். போலிக் கடிதங்களிலும் அதே பிழை இருந்தது; அவற்றைப் புனைந்தவர் அவரே என்பது வெளிப்பட்டது. அவர் மாட்ரிட்டுக்கு ஓடி, 1889 மார்ச் 1 அன்று தம்மைச் சுட்டுக்கொண்டார். பொது அவையில் நுழைந்த பார்னெலை லிபரல் உறுப்பினர்கள் எழுந்து நின்று வரவேற்றனர்.

வழக்கு

1889 மே மாதம் கேத்தரினின் பெரியம்மா இறந்தார். சொத்து முழுவதும் கேத்தரினுக்கு எழுதப்பட்டிருந்தது. உடன்பிறந்தவர்கள் உயிலை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர், கணவரும் அவர்கள் பக்கம் சேர்ந்தார். டிசம்பர் நடுவில் பார்னெல், ஹார்டன் மாளிகையில் கிளாட்ஸ்டனுடன் தங்கித் தன்னாட்சித் திட்டத்தைப் பேசிவிட்டு வந்தார். அதே மாதம் 24ஆம் நாள் ஓஷே மணவிலக்கு மனுவைத் தாக்கல் செய்தார். பத்தாண்டு பொறுத்திருந்தவர் அந்த வாரத்தில் ஏன் நீதிமன்றம் சென்றார்? பணம் கைக்கு வரும் வாய்ப்பு போனதே காரணம் என்பது பொதுவான கருத்து. தன்னாட்சியை எதிர்த்து லிபரல் கட்சியிலிருந்து பிரிந்த ஜோசப் சேம்பர்லின் தூண்டினார் என்பது பார்னெல் தரப்பின் நம்பிக்கை. அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

விசாரணை 1890 நவம்பர் 15 அன்றும் 17 அன்றும் நீதிபதி பட் முன்னிலையில் நடந்தது. அன்றைய சட்டத்தின் அமைப்பை இங்கே கவனிக்க வேண்டும். 1857ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவியின் பிறழ்வுறவு ஒன்றே கணவன் மணவிலக்குப் பெறப் போதும். கணவனின் பிறழ்வுறவு மட்டும் மனைவிக்குப் போதாது. கணவன் அறிந்தே இடம்கொடுத்தான் என்று நிறுவினால் மனு தள்ளுபடியாகும். ஓஷே எல்லாம் அறிந்தே இருந்தார் என்று கேத்தரின் முதலில் பதில்மனு போட்டார். ஆனால் வழக்கில் வென்றால் மணவிலக்குக் கிடைக்காது, பார்னெலை மணக்க முடியாது. எனவே இருவரும் எதிர்வாதம் செய்யவில்லை. ஓஷேயின் தரப்பு சொன்னதெல்லாம் குறுக்கு விசாரணையின்றிப் பதிவேறியது.

அப்படிப் பதிவேறியவற்றுள் சமையற்காரப் பெண் ஒருவரின் சாட்சியம் நிலைத்துவிட்டது. பிரைட்டன் அருகே கடலோர வீட்டில் கேப்டன் திடீரென வந்தபோது, மாடி அறையில் இருந்த பார்னெல் பால்கனியில் தொங்கிய தீத்தப்பு ஏணி வழியாக இறங்கி, சில நிமிடங்கள் கழித்து முன்வாசல் மணியை அடித்து விருந்தினர்போல வந்தார் என்று அவர் சொன்னார். இது நடந்ததா என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐயுறுகின்றனர். ஆயினும் இசையரங்குப் பாடகர்களுக்கு அது போதுமானதாயிற்று. அயர்லாந்து தன் முடிசூடா மன்னராகக் கொண்டிருந்தவரை ஏணியில் தொங்குபவராக இங்கிலாந்து பார்த்துச் சிரித்தது. மணவிலக்கு வழங்கப்பட்டது, பார்னெலின் இரு மகள்களும் சட்டத்தின் கண்ணில் ஓஷேயின் பிள்ளைகள் என்பதால் அவருடைய பொறுப்பில் விடப்பட்டனர். இவ்விவகாரத்தின் கொடிய பகுதி இதுவே என்று சொல்லத் தகும்.

பதவி விலகக் கோரிக்கை

அயர்லாந்தில் தொடக்கத்தில் ஆதரவே ஓங்கியிருந்தது. நவம்பர் 20 அன்று டப்ளின் லெய்ன்ஸ்டர் அரங்கக் கூட்டத்தில் தலைவரைக் கைவிடக் கூடாது என்று முழங்கியவர்களில் டிமதி ஹீலியும் ஒருவர். மாறாக, நிலச் சங்கத்தைத் தோற்றுவித்த மைக்கேல் டேவிட் அதே நாளில் தம் ஏட்டில் பார்னெல் ஒதுங்க வேண்டும் என எழுதினார். வழக்கிலிருந்து களங்கமின்றி மீள்வேன் என்று பார்னெல் தம்மிடம் உறுதி கூறியிருந்ததாக அவர் கருதினார். அவருடைய கோபம் உண்மையானது.

இங்கிலாந்தில் எதிர்ப்பு ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சாராத புராட்டஸ்டன்ட் சபைகளிடமிருந்து கிளம்பியது. லிபரல் கட்சியின் வாக்கு வங்கியே அச்சபைகள்தாம். மெத்தடிஸ்ட் போதகர் ஹியூ பிரைஸ் ஹியூஸ் மேடையில் கடுமையாகப் பேசினார்; ஷெஃபீல்டில் கூடிய லிபரல் கூட்டமைப்பின் பேராளர்கள் தலைவர்களைத் தனியே சந்தித்து எச்சரித்தனர். இதே ஆண்டுகளில் தன்னாட்சியை எதிர்த்துப் பிரிந்த லிபரல் யூனியனிஸ்ட் அணியின் தலைவர் ஹார்டிங்டன், மான்செஸ்டர் கோமகளுடன் கொண்டிருந்த நீண்டகால உறவு மேல்தட்டினர் அனைவரும் அறிந்தது. அவரை விலகச் சொல்லி எந்த மேடையும் முழங்கவில்லை. அவ்வுறவு நீதிமன்றத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

கிளாட்ஸ்டன் ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. பார்னெல் தலைமையில் நீடித்தால், அயர்லாந்துக்காகத் தாம் லிபரல் கட்சியை நடத்துவது பயனற்றுப்போகும் என்று நவம்பர் 24 அன்று லிபரல் தலைவர்களில் ஒருவரான ஜான் மார்லிக்குக் கடிதம் எழுதினார். பார்னெலிடம் அதைக் காட்ட மார்லி தேடினார். பார்னெல் கண்ணில் படவில்லை. துணைத்தலைவர் ஜஸ்டின் மெக்கார்த்தியிடம் சொல்லப்பட்ட செய்தியும் உறுப்பினர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மறுநாள் கட்சி பார்னெலையே மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அன்று மாலையே கடிதம் பத்திரிகைகளுக்குத் தரப்பட்டது. இனி பார்னெல் வேண்டுமா, தன்னாட்சி வேண்டுமா என்ற கேள்வியாக அது மாறிவிட்டது. நவம்பர் 29 அன்று பார்னெல் வெளியிட்ட அறிக்கையில் ஹார்டன் உரையாடலின் அந்தரங்கங்களைத் தம் நோக்கில் போட்டுடைத்தார், கிளாட்ஸ்டன் மறுத்தார்.

பதினைந்தாம் அறை

டிசம்பர் 1 முதல் 6 வரை நாடாளுமன்றக் கட்டடத்தின் 15ஆம் எண் குழு அறையில் கட்சி கூடியது. நிருபர்கள் குறிப்பெடுத்து ஏடுகளில் விரிவாக வெளியிட்டதால், பார்னெல் வாழ்வில் இந்த ஆறு நாட்களைப் போல வேறெந்தப் பகுதியும் சொல்லுக்குச் சொல் பதிவாகவில்லை. தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் பார்னெலே. தம்மை நீக்கும் தீர்மானத்தை எடுத்துக்கொள்வதா என்று தீர்ப்பளிக்க வேண்டியவரும் அவரே. அவர் நடைமுறைக் காரணம் காட்டி நாள்களைக் கடத்தினார்.

டிசம்பர் 3 அன்று கத்தோலிக்க ஆயர்களின் நிலைக்குழு பார்னெலுக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. இரண்டு வாரம் அவர்கள் வாய் திறக்காதிருந்ததன் காரணம் இன்றும் விவாதத்தில் உள்ளது. அரசியலில் தலையிட்டுக் கூட்டணியைக் கெடுக்கத் தயங்கினர் என்பர் ஒருசாரார். கிளாட்ஸ்டன் பேசிய பிறகு பேசுவது எளிதாயிற்று என்பர் மற்றொரு சாரார். பேராயர் குரோக் தம் வீட்டுக் கூடத்திலிருந்த பார்னெலின் மார்பளவுச் சிலையை வெளியே எறிந்தார் என்று சொல்வதுண்டு.

டிசம்பர் 6 அன்று வில்லியம் ஆபிரகாம் என்ற உறுப்பினர் தீர்மானத்தை முன்மொழிய எழுந்தார். பார்னெல் அவரை அனுமதிக்கவில்லை. தீர்மானத் தாள் மெக்கார்த்தியின் கைக்குப் போனது. அவர் அதை நீட்டியபோது பார்னெல் பிடுங்கிக்கொண்டார். கூச்சல் எழுந்தது. கிளாட்ஸ்டன்தான் இக்கட்சியின் எசமானரா என்று பார்னெலின் ஆதரவாளர் ஜான் ரெட்மண்ட் கேட்டார்; அப்படியானால் எசமானி யார் என்று ஹீலி திருப்பிக் கேட்டார். அங்கில்லாத ஒரு பெண்ணை இழிவுசெய்த கோழை என்று பார்னெல் அவரைச் சாடினார். பதினாறு நாள் முன்பு லெய்ன்ஸ்டர் அரங்கில் பேசிய அதே ஹீலி இவர். தலைவரின் குற்றம் இடையில் மாறிவிடவில்லை. அன்று மாலை மெக்கார்த்தி எழுந்து, இனி இங்கே பேசிப் பயனில்லை என்று வெளியேறினார். 44 பேர் அவருடன் சென்றனர். பார்னெலுடன் 27 பேர் இருந்தனர். எண்ணிக்கையில் நூலுக்கு நூல் ஒன்றிரண்டு வேறுபடுகிறது.

மெக்கார்த்தி பக்கம் நின்றவர்களில் ஆல்ஃபிரட் வெப் தமிழ் வாசகர்களுக்குரிய ஒரு தொடர்பால் நினைக்கத் தக்கவர். டப்ளினில் அச்சகம் நடத்திய குவேக்கர் சமயத்தவரான இவரே 1894 டிசம்பரில் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசின் பத்தாம் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

இடைத்தேர்தல்களும் மரணமும்

டிசம்பரில் வடக்கு கில்கென்னி இடைத்தேர்தலில் பார்னெலின் எதிரணி வேட்பாளர் ஜான் போப் ஹென்னஸி ஏறத்தாழ இருமடங்கு வாக்குப் பெற்று வென்றார். பிளவுக்கு முன் அவரைத் தேர்ந்தெடுத்தவர் பார்னெலே. பிரசாரத்தின்போது காசில்கோமரில் பார்னெலின் கண்ணில் சுண்ணாம்பு வீசப்பட்டது. அது மாவுதான் என்றது எதிர்த்தரப்பு. பிரான்சின் பொலோன் நகரில் கட்சி உறுப்பினர் வில்லியம் ஓபிரையனுடன் நடந்த சமரசப் பேச்சு 1891 பிப்ரவரியில் முறிந்தது. ஸ்லைகோ, கார்லோ இடைத்தேர்தல்களிலும் பார்னெலின் வேட்பாளர்கள் தோற்றனர். ஜூன் 25 அன்று ஸ்டெய்னிங் பதிவு அலுவலகத்தில் பார்னெல் கேத்தரினை மணந்தார். அத்திருமணம் மதகுருமாரின் பகையைக் கூட்டவே செய்தது. செப்டம்பர் 27 அன்று கிரெக்ஸ் என்ற ஊரில் உடல்நலமின்றியே மழையில் பேசிய அவர், அக்டோபர் 6 அன்று ஹோவ் நகரில் தம் 45ஆம் வயதில் இறந்தார். டப்ளின் க்ளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பின்னர்

1893இல் இரண்டாம் தன்னாட்சி மசோதா பொது அவையில் நிறைவேறி, பிரபுக்கள் அவையில் 419க்கு 41 என வீழ்த்தப்பட்டது. பிளவுண்ட கட்சி 1900இல் ரெட்மண்ட் தலைமையில் இணைந்தது. பார்னெல் நீடித்திருந்தால் தன்னாட்சி கிடைத்திருக்கும் என்பதும், அவர் உரிய நேரத்தில் விலகியிருந்தால் கிடைத்திருக்கும் என்பதும் இன்றுவரை எதிரெதிராகச் சொல்லப்படும் இரு கருத்துகள். பிரபுக்கள் அவையின் தடுப்பதிகாரம் இருந்தவரை இரண்டுமே ஐயத்துக்குரியவை.

டப்ளினில் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடித்த நினைவுத் தூண் 1911இல் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 1914ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுதியில் பார்னெல் நினைவுநாளை மையமாகக் கொண்ட கதை உண்டு. கேத்தரின் 1914இல் தம் நினைவுகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார், 1921இல் இறந்தார். எதிரிகள் இழிவாகச் சூட்டிய கிட்டி என்ற பெயரிலேயே அவரை மக்கள் நினைவில் வைத்திருப்பது வருந்தத்தக்கது. குடும்பத்தார் அவரை அப்படி அழைத்ததில்லை. 1937இல் கிளார்க் கேபிள் நடித்த ஹாலிவுட் படம் தோல்வியுற்றது. எஃப். எஸ். எல். லயன்ஸ், ஃபிராங்க் காலனன் ஆகியோரின் நூல்கள் ஆய்வின் அடிப்படையாக உள்ளன. 1996இல் அயர்லாந்தின் 100 பவுண்டு நோட்டில் பார்னெலின் உருவம் அச்சிடப்பட்டது. அரசுடைமையான அவான்டேல் பண்ணை இப்போது சுற்றுலாத் தலமாக உள்ளது.