குழந்தையின் விழியும் சயரோக நிர்ணயமும்

சயரோகத்தை நிர்ணயிப்பதற்கு வைத்தியர்கள் பெரிதும் நம்புவது சளிப் பரிசோதனையையே. சிறு குழந்தைக்கோ சளியைக் காறி உமிழத் தெரியாது, விழுங்கிவிடும். பார்வை மங்குகின்றது என்று எடுத்துரைக்கவும் அதனால் இயலாது. குழந்தைகளின் கண் சயரோகம் இவ்விரு இடர்ப்பாடுகளையும் ஒருங்கே உடையது.

1851 இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் தமது கண்ணோக்கிக் கருவியைப் பற்றிய நூலை வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1855 இல், எடுவாட் யேகர் விழித்திரைக்குப் பின்னாலுள்ள தோலுருப்படையிற் காணப்படும் சிறு கணுக்களை விவரித்தார். அவை ஏனைய உறுப்புக்களிற் காணப்படும் சயரோகக் கணுக்களே என்பதை 1867 இல் கோன்ஹைம் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நிறுவினார். நோய்க்கிருமியை றொபேட் கொக் அறிவித்ததோ 1882 இலேதான். உடலைக் கீறாமலே சயரோகக் கணுவை நேரிற் காணும் வாய்ப்பைக் கண் இவ்வாறு அளித்தது.

ஆயினும் கண்டு என்ன பயன்? குருதி வழியே உடலெங்கும் தினையளவு கணுக்களாய்ப் பரவும் சயரோகத்திலேயே இவை பெரிதும் தோன்றின. காய்ச்சலிற் கிடக்கும் குழந்தையின் விழியில் அவற்றைக் கண்ட வைத்தியர் பெற்றோருக்குக் கூறத்தக்க ஆறுதல் எதுவும் இருக்கவில்லை. யேகரின் காலத்திலிருந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1940களில் ஸ்ரெப்ரோமைசின் வந்த பின்னரே, அதே காட்சி சிகிச்சையை உடன் தொடங்குமாறு பணிக்கும் அறிகுறியாயிற்று.

இதற்கிடையில் வேறொரு மயக்கமும் நேர்ந்தது. 1907 இல் வியன்னாக் குழந்தை வைத்தியர் பிர்க்கே தோற் பரிசோதனையை வகுத்தார். நோயின் அறிகுறி எதுவுமற்ற பிள்ளைகள் பலரிலும் அது நேர் விளைவு காட்டியது. கிருமி உடலிற் புகுந்ததை அது உணர்த்துமேயன்றிக் கண்ணின் அழற்சிக்கு அக்கிருமியே காரணம் எனச் சான்று பகராது. எனினும் காரணம் புலப்படாத உட்கண் அழற்சிகள் பல சயரோகத்தின் மேலேயே சுமத்தப்பட்டன. சயரோகம், கிரந்தி முதலியவற்றாற் கெட்டன எனக் கருதப்பட்டு அகற்றப்பட்ட கண்கள் சிலவற்றில் ரொக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருத்தலை 1952 இல் ஹெலனோர் வைல்டர் கண்டறிந்தார். மருத்துவ வரலாறு கண்டுபிடிப்புக்களைப் போற்றுமளவுக்கு இத்தகைய திருத்தங்களைப் போற்றுவதில்லை.

இன்றும் இந்நிர்ணயம் எளிதன்று. விழிநீரிற் கிடைக்கும் மாதிரி சில துளிகளே, கிருமிகளும் அரியன. மூலக்கூற்றுப் பரிசோதனை எதிர் விளைவு காட்டினாலும் நோயில்லை எனத் துணிய முடியாது. ஆகவே வைத்தியர் கண்ணையும், மார்புக் கதிர்ப்படத்தையும், தோற் பரிசோதனையையும் சேர்த்து நோக்குகின்றார்; வீட்டில் நெடுநாளாய் இருமுபவர் எவரேனும் உளரா எனத் தாயிடம் வினவுகின்றார்.