தெருக் கதவும் குடிக்கூலியும்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் திருவண்ணாமலையின் வீடுகளுக்குப் புதியதொரு மதிப்பு வந்து சேருகிறது. 2668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் தீபம் ஏற்றும் நாளை ஒட்டிப் பல இலட்சம் மக்கள் அவ்வூரில் கூடுவர். சத்திரங்களும் விடுதிகளும் நிரம்பிய பின், மாட வீதிகளை அடுத்த தெருக்களில் உள்ள இல்லத்தார் தத்தம் முன்கூடத்தையும் மாடி அறையையும் ஒழித்து, வந்தவர்க்கு வாடகைக்கு விடுகின்றனர். வந்தவர் யார், என்ன குலம், என்ன உண்பவர் என்று அந்நாட்களில் எவரும் துருவிக் கேட்பதில்லை. பணத்தை வாங்கிக் கொண்டு பாயை விரித்துவிடுகிறார்கள். அதே தெருவில் ஆண்டு முழுவதும் குடியிருக்க ஒரு வீடு தேடிச் செல்லும் குடும்பத்தாருக்கோ, வாசற்படியிலேயே இக்கேள்விகள் அத்தனையும் எதிர்ப்படுகின்றன.

நம் பாட்டன்மார் வீட்டு வாடகையைக் 'குடிக்கூலி' என்றே வழங்கினர். வாடகை என்பது வண்டிக்கும் பந்தல் சாமானுக்கும் பொதுவான சொல். குடிக்கூலியோ குடியிருப்புக்கே உரியது. அதை யார் யாரிடம் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்னும் வழக்கு மிகப் பழையது.

யாத்திரிகர் கூடும் ஊரில் வீட்டுக்குக் கூலி வாங்கலாமா என்னும் வினா, இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க காலத்திலேயே மக்கமா நகரில் எழுந்துவிட்டது. புனிதப் பள்ளியில் உள்ளூர்வாசியும் வெளியூரிலிருந்து வருபவரும் சமமே என்னும் இறைமறைக் கருத்தை அந்நகரின் வீடுகளுக்கும் பொருத்தியோர் இருந்தனர். ஹஜ்ஜுக் காலத்தில் வருவோர் விரும்பிய இடத்தில் தங்குவதற்காக, மக்காவின் வீடுகளுக்குத் தெருக்கதவு போடக்கூடாதென கலீஃபா உமர் (ரலி) தடுத்ததாகச் செய்திகள் கூறுகின்றன. முதன்முதலில் கதவு வைத்தவர் ஸுஹைல் இப்னு அம்ரு (ரலி) என்றும், விசாரித்தபோது தாம் வணிகர், தம் வாகனப் பிராணிகளைக் காக்கவே கதவு வைத்ததாக அவர் விடை கூறினார் என்றும், கலீஃபா அதற்கு இசைந்தார் என்றும் அச்செய்திகள் தொடர்கின்றன. கதவுக்கு ஒரு காரணம் கேட்கப்பட்டதையும், அக்காரணம் நியாயமாக இருந்தபோது ஏற்கப்பட்டதையும் நாம் இங்கே கவனித்தல் வேண்டும்.

பிற்காலத்துச் சட்ட அறிஞர்கள் இதில் ஒரே கருத்தினர் அல்லர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஹஜ்ஜுக் காலத்தில் அங்கே வாடகை வாங்குவதை வெறுத்தார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ இஸ்ஹாக் இப்னு ராஹவைஹியுடன் வாதிட்டு, வீடு உரிமையாளனின் சொத்தே, கூலி பெறுவது ஆகுமானதே என நிலைநாட்டினார். வீடுகளை விட்டு விரட்டப்பட்ட முஹாஜிர்களைப் பற்றிக் கூறுகையில் 'அவர்களுடைய வீடுகள்' என்றே இறைமறை குறிப்பதையும், சிறைச்சாலைக்கென மக்காவில் ஒரு வீட்டை உமர் (ரலி) விலை கொடுத்தே வாங்கியதையும் அவர் சான்று காட்டினார். வீட்டுக்காரர் பக்கமும் வந்தவர் பக்கமும் நின்று பேச அறிஞர் இருந்தனர் என்பது நமக்கு முக்கியம்.

மக்காவில் எழுந்த வழக்கு கதவைப் பற்றியது. நம் நாட்டு வாடகைச் சட்டமோ கதவைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே ஏற்கனவே குடியேறிவிட்டவரைப் பற்றியே அது பேசிற்று. இவ்வேறுபாட்டின் விளைவை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக நம் மக்கள் அனுபவித்து வருகின்றனர்.

அச்சட்டம் போரின் குழந்தை. இரண்டாம் உலகப் போரின்போது வீடு கட்டும் வேலை முடங்கி, நகரங்களில் நெருக்கடி பெருகவே, 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். பர்மாவில் கடையும் பொருளும் இழந்து கால்நடையாகத் திரும்பியவருள் நம் சமுதாயத்தாரும் பலர் இருந்தனர். அத்தகைய நாளில் வாடகையை நினைத்தபடி ஏற்றுவதையும், குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதையும் தடுத்த அரசைக் குறை கூற எவருக்கும் மனம் வராது.

போர் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. 1946இலும் 1949இலும் சட்டங்கள் வந்தன. இறுதியாக 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம் வந்து நிலைத்தது. நகராட்சிகள் அனைத்துக்கும் அது பொருந்தியதால், 1886 முதல் நகராட்சியாக விளங்கிய திருவண்ணாமலையும் அதன் ஆளுகைக்குள் வந்தது. வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசுக்குத் தேவையானால் எடுத்துக்கொள்ளும். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உள்வாடகைக்கு விடுதல், வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுதல் போன்ற குறிப்பிட்ட காரணங்களைக் காட்டாமல் எவரையும் வெளியேற்ற முடியாது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம். அதையும் மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமே கட்டிவிடலாம். ஒரே சுவருக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்த இரு குடும்பங்கள் தபால்காரர் மூலம் வாடகை கொடுத்து வாங்கிய காட்சியை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

குடியிருப்போருக்கு இச்சட்டம் கேடயமாக இருந்தது, ஐயமில்லை. ஆனால் வீட்டுக்காரர் என்றால் எப்போதும் செல்வந்தரே என்று எண்ணுவது தவறு. கணவர் விட்டுச் சென்ற ஒரே வீட்டின் முன்பகுதியை விட்டு, அதன் வரவில் பிள்ளைகளை வளர்த்த விதவைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! 1946, 1949 சட்டங்களில் நியாய வாடகைக்கு அளவுகோல் 1940க்கு முந்தைய வாடகையே. அரிசி விலை ஏறியது, வரி ஏறியது, கொத்தனார் கூலி ஏறியது. குடிக்கூலி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் மனையின் மதிப்பையும் கட்டடச் செலவையும் கூட்டி, குடியிருப்பு வீட்டுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 9 என்று வகுத்தது. அதைப் பெறவும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

இங்கேதான் கதவு இறுகிற்று என்பது நம் கருத்து. உள்ளே வந்தவரை வெளியேற்ற இயலாதெனில், உள்ளே விடுமுன் ஆயிரம் கேள்வி கேட்பது மனித இயல்பு. மாற்றலாகிப் போய்விடும் வங்கி அலுவலர் முதல்வரிசையில் நின்றார். உள்ளூர்க் கடைக்காரர் பின்னே தள்ளப்பட்டார். சட்டம் ஒரு மாதம் என்றிருக்க, சென்னையில் பத்து மாத முன்பணம் வழக்கமாயிற்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பதினொரு மாத ஒப்பந்தம் பிறந்தது. சாதியும் சமயமும் உணவும் கேட்பது சட்டத்துக்கு முன்பே இருந்த நோய்தான். 'குடிவைத்தால் கிளப்ப முடியாது' என்னும் அச்சம் அந்நோய்க்குக் கௌரவமான போர்வை ஒன்றைத் தந்தது.

பள்ளிவாசல்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். இமாமுக்கும் முஅத்தினுக்கும் சம்பளம், ஏழைக்குமரின் திருமணத்துக்கு உதவி என்று நல்லோர் வக்ஃபு செய்த வீடுகளின் வாடகை, பல ஊர்களில் விளக்கெண்ணெய்க்கும் போதாமற் போயிற்று. 1976 ஆகஸ்டு 16இல் தமிழக அரசு, இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமயப் பொது அறநிலையங்களின் கட்டடங்களுக்கும் பொதுத் தரும அறநிலையங்களின் கட்டடங்களுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து முழு விலக்களித்தது. குடியிருந்தோர் வழக்குத் தொடுத்தனர். கந்தசாமி செட்டியார் வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்விலக்கு செல்லும் என்றது. பிறர் நிலத்தில் வாடகைக்கு இருந்து தாமே வீடு கட்டிக்கொண்டவருக்கு, அந்நிலத்தை விலைக்குக் கேட்கும் உரிமையை 1921ஆம் ஆண்டுச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் தந்திருந்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிலங்களைப் பொறுத்தவரை அதையும் நீக்கிற்று. அறநிலையச் சொத்து மீட்கப்பட்டது மகிழ்ச்சியே. அந்த வீடுகளில் இருந்தவருள் பெரும் வணிகரும் இருந்தனர்; அன்றாடக் கூலிக்காரரும் இருந்தனர். விலக்கு இருவரையும் ஒன்றாகவே வைத்தது. பிரித்துப் பார்க்கும் பொறுப்பு முத்தவல்லிகளின் கையில் விழுந்தது. எல்லா ஜமாஅத்துகளும் அதை ஒரே வகையில் நிறைவேற்றின என்று நாம் சொல்ல இயலாது.

1960ஆம் ஆண்டுச் சட்டம், மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்பு வீடுகளைத் தன் காப்பிலிருந்து ஒதுக்கியிருந்தது. கடைகளுக்கு அத்தகைய வரம்பு இல்லாததால், அது சமத்துவத்துக்கு மாறானதென 1986இல் உச்சநீதிமன்றம் அப்பகுதியை நீக்கிற்று. பின்னர் 1960ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டில் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இனி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவு பெற வேண்டும். வாடகை இருதரப்பும் ஒத்துக்கொண்ட தொகை. வேறுவகை உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாதம். அந்த 'இல்லையெனில்' என்னும் சொல்லுக்குள் பத்து மாத வழக்கம் பத்திரமாகக் குடியிருக்கிறது.

உள்ளிருப்பவரின் கேடயம் இவ்வாறு மெலிந்த பிறகு, கதவாவது இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. 'சைவ உணவினருக்கு மட்டும்' என்ற அறிவிப்பைக் கோயில் நகரங்களில் இன்றும் காண்கிறோம். நம் பெயரைக் கேட்டதும், வீடு நேற்றுத்தான் முடிந்துவிட்டது என்று கூறும் மென்மையான குரல்களையும் கேட்டுப் பழகிவிட்டோம். பழைய சட்டமோ புதிய சட்டமோ இதைத் தடுக்கவில்லை. அதே மூச்சில் நம் மஹல்லாக்களையும் பார்க்கத்தான் வேண்டும். பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் பிற சமயத்துக் குடும்பத்துக்கு வீடு விட மறுப்போர் நம்மில் இல்லையா? சேரியிலிருந்து படித்து முன்னேறி வந்த ஆசிரியருக்கு, சமத்துவம் பேசும் நாம் எத்தனை வீடுகளைத் திறந்துவிட்டோம்? ஸுஹைல் (ரலி) அவர்கள் தம் கதவுக்குக் காரணம் சொன்னார். நாம் சொல்லும் காரணம் அவ்வளவு எளிதாக ஏற்கத்தக்கதா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

திருவண்ணாமலை அந்நியருக்குக் கதவடைத்த ஊர் என்றும் சொல்வதற்கில்லை. ஈராக்கில் பிறந்த யூதரான எஸ். எஸ். கோஹென் 1936இல் ரமணரைத் தேடி அவ்வூருக்கு வந்து, பாலாக்கொத்தில் மண்குடில் அமைத்து வாழ்ந்தார். இன்று ரமணாசிரமத்தைச் சுற்றிய பகுதியில் குளிர்காலந்தோறும் ஐரோப்பியர் வந்து மாதக்கணக்கில் தங்குகின்றனர். பருவத்தில் அவர்கள் தரும் வாடகையை உள்ளூர் ஆசிரியரோ நெசவாளியோ தர முடியாது. எனவே வீடு தேடும் உள்ளூர்க் குடும்பங்கள் செங்கம் சாலையிலும் போளூர்ச் சாலையிலும் நகரின் ஓரத்தை நோக்கி நகர்ந்து கொண்டிருக்கின்றன. 2024இல் அவ்வூர் மாநகராட்சியும் ஆயிற்று. மாட வீதிக்கு அருகே உள்ள வீட்டுக்காரர் அடுத்த தீபத்துக்கு முன்கூடத்தை ஒழித்து வைத்திருக்கிறார். அதில் ஆண்டு முழுவதும் இருக்கலாமா என்று கேட்டு வந்த குடும்பம் அடுத்த தெருவில் விசாரித்துக் கொண்டிருக்கிறது.