பற்றரிக்குச் சார்ஜ் போடும்போது நாம் விடும் பழைய பிழைகள்

கடந்த மாரியில் ஒருநாள் விடியப்புறம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கிழவரும் அப்படியேதான் படுத்தாராம். ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த ஊரில் இதில் புதினம் ஒன்றும் இல்லை.

வெடித்தது ஓட்டோ பற்றரி. நாலு வீடு தள்ளி இருக்கும் ஓட்டோக்காரர் ஒருவர், மழையில் ஸ்டார்ட் எடுக்காத வண்டியின் பற்றரியைக் கழற்றி, முன்னறையில் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போட்டிருக்கிறார். நுளம்புக்காக யன்னல்கள் எல்லாம் பூட்டு. காலையில் எழும்பி, சார்ஜரின் சுவிச்சை நிறுத்தாமல் சிவப்புக் கிளிப்பை இழுத்திருக்கிறார். ஒரு பொறி பறந்தது. பற்றரியின் மேல்மூடி பிளந்து நெஞ்சில் அடிக்க, அசிட் முகத்தில் தெறித்தது.

அவருக்கு இடது கண் தெரியாது. 2009இல் மாத்தளனில் பட்ட சன்னம். மிச்சமிருந்த வலது கண்ணுக்குள்தான் அன்றைக்கு அசிட் போனது. மனைவி கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதால் அந்தக் கண் தப்பியது. வைத்தியசாலையில் இருந்து வந்த பிறகு அவரிடம் என்ன பிழை விட்டீர்கள் என்று கேட்டேன். “ஒரு பிழையும் விடேல்லை தம்பி. வன்னியில நாங்கள் எல்லாரும் போட்ட மாதிரித்தான் போட்டனான்” என்றார்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. பற்றரிக்குச் சார்ஜ் போடுவதை நாங்கள் ஒரு கையேட்டிலும் படிக்கவில்லை, போர்தான் பழக்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் நின்றபோது வாகனப் பற்றரிதான் வீட்டின் மின்சாரம் ஆனது. ரோர்ச் பற்றரிகூடத் தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறை அது. வன்னியில் நான் வளர்ந்தபோதும் அதே நிலைதான். மாமா பற்றரியை சைக்கிள் கரியரில் ரியூப்பால் கட்டி, சந்தியில் ஜெனரேற்றர் வைத்திருந்த கடைக்குக் கொண்டுபோவார். ஒரு ரான்ஸ்போமர், நாலு டயோட், ஒரு பலகை. அதுதான் சார்ஜர். சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்க மீற்றர் கிடையாது. ஒரு வயர்த்துண்டை இரண்டு முனைகளிலும் தட்டிப் பொறி பார்ப்பார்கள். பெரிய பொறி என்றால் நல்ல சார்ஜ்.

அந்தக் கடையில் ஏன் அடிக்கடி பற்றரி வெடிக்கவில்லை என்பதை யோசித்துப் பார்த்தேன். அது நாலு கப்பில் நின்ற கிடுகுக் கொட்டில். சுவரே இல்லை. பற்றரியில் இருந்து வந்த வாயு காற்றோடு போய்விட்டது. இன்றைக்கு நாங்கள் இருப்பது சீமெந்து வீட்டில், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன அறைகளில். பழக்கம் கொட்டிலில் பழகியது, செய்வது பூட்டிய அறைக்குள். ஓட்டோக்காரருக்கு நடந்தது இதுதான்.

வாகனப் பற்றரிக்குள் ஈயத் தகடுகளும் தண்ணீர் கலந்த சல்பூரிக்கமிலமும் இருக்கின்றன. 12 வோல்ற் பற்றரி என்பது சுமார் 2.1 வோல்ற் தரும் ஆறு கலங்கள். சார்ஜ் ஏறி முடியும் தறுவாயிலும், ஏறிய பிறகும் தொடர்ந்து மின்சாரம் போனால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது. ‘பற்றரி கொதிக்குது’ என்று நாங்கள் சொல்வது அந்தக் குமிழிகளைத்தான். ஐதரசனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பற்றரியின் மூடிக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில் அது எப்போதும் கொஞ்சம் நிற்கும். கிளிப்பை இழுக்கும்போது வரும் சின்னப் பொறி அதற்குப் போதும். ஆகவே பொறி தட்டிப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விடவேண்டும். ஆயிரம் தரம் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம், அது கொட்டிலின் புண்ணியம்.

இன்னொரு பழக்கம் வெளிச்சம் பிடித்துப் பார்ப்பது. ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கைப் பற்றரியின் ஓட்டைக்கு மேலே பிடித்து தண்ணீர் மட்டம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இப்போதும் கரண்ட் போனால் சிலர் லைற்றரைத் தட்டுகிறார்கள். கைப்பேசி வெளிச்சம் போதும். சிகரெட்டும் வேண்டாம், சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கும் அறையும் வேண்டாம்.

இடம் முதலில். கூரை இருக்கவேண்டும், மழை படக்கூடாது, காற்றோட்டம் வேண்டும். திறந்த விறாந்தை அல்லது பத்தி நல்லது. படுக்கும் அறையும் குசினியும் கூடாது. பற்றரியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், அசையாத பலகையில் வைக்கவேண்டும். சார்ஜரைப் பற்றரிக்கு மேலே வைக்கக்கூடாது. வயர் விடுகிற அளவுக்குத் தள்ளி வையுங்கள்.

வண்டியில் இருந்து கழற்றும்போது முதலில் நெகற்றிவ், அதாவது கறுப்பு. பூட்டும்போது அதுதான் கடைசி. காரணம் எளிது. நெகற்றிவ் வயர் வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கிறது. பொசிற்றிவை முதலில் கழற்றினால், ஸ்பனரின் மறுமுனை வண்டியின் இரும்பில் பட்டதும் ஷோர்ட் ஆகும். அப்போது நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும், ஸ்பனரே சிவக்கும். காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாம் அதற்கு முன் கழற்றி வைக்கவேண்டும். தாலிக்கொடியைக் கழற்றமாட்டேன் என்று சொல்லும் அக்காமார் அதைச் சட்டைக்குள் விட்டு, மேலே ஒரு துணியாவது சுற்றிக்கொள்ளுங்கள். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஓடிக் குடும்பம் பார்க்கும் பெண்கள் எங்கள் பக்கம் இப்போது நிறையப் பேர் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது பற்றரியில் எழுதியிருப்பதை வாசிப்பது. இதை ஒருவரும் செய்வதில்லை. 6 வோல்றா 12 வோல்றா என்று பார்த்து, சார்ஜரின் சுவிச்சும் அதே இலக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு அம்பியர் மணி. அதில் பத்தில் ஒரு பங்குதான் சார்ஜ் போடும் மின்னோட்டம் என்பது பழைய கணக்கு, இன்றும் பிழைக்காத கணக்கு. 35 என்று எழுதியிருந்தால் மூன்றரை அம்பியர். மோட்டார் சைக்கிள் பற்றரியில் 5 என்று இருந்தால் அரை அம்பியர். உழவு இயந்திரத்துக்கென்று வாங்கிய 10 அம்பியர் சார்ஜரில் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கொழுவினால் அது கொதித்து வீங்கும். எங்கள் வீடுகளில் ஒரு சார்ஜரைத்தான் முழு ஒழுங்கையும் இரவல் வாங்குகிறது என்பதால் இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது.

வெடிப்போ வீக்கமோ கசிவோ உள்ள பற்றரிக்குச் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் பற்றரி என்றால் ஈயப் பற்றரிச் சார்ஜர் ஆகாது, அதற்கென்று உள்ளதுதான் வேண்டும்.

கொழுவும் ஒழுங்கை மனதில் வைக்கக் கஷ்டம் இல்லை. பொறி வரக்கூடிய வேலையெல்லாம் சுவரில் இருக்கும் சுவிச்சில் நடக்கவேண்டும், பற்றரிக்குப் பக்கத்தில் நடக்கக்கூடாது. ஆகவே சுவிச் நின்றிருக்கும்போதே சிவப்புக் கிளிப்பைப் பொசிற்றிவிலும் கறுப்பை நெகற்றிவிலும் கொழுவி, ஆட்டிப் பார்த்து, அதன் பிறகு சுவிச்சைப் போடுங்கள். பற்றரி வண்டியிலேயே இருந்தால் கறுப்புக் கிளிப்பைப் பற்றரியில் கொழுவாமல், கொஞ்சம் தள்ளி பெயின்ற் இல்லாத இரும்பில் கொழுவலாம். கழற்றும்போது முதலில் சுவிச், பிறகு சில நிமிடம் பொறுத்துக் கறுப்பு, கடைசியில் சிவப்பு. எங்கள் ஓட்டோக்காரர் விட்டது இந்தச் சுவிச் ஒன்றைத்தான்.

சுவரில் இருந்து வருவது 230 வோல்ற். பிளக் இல்லாத வயரின் நுனியைச் சுரண்டி, தீக்குச்சி வைத்துச் செருகுகிற பழக்கமும் இடம்பெயர்வு வீடுகளில் இருந்து வந்ததுதான். சார்ஜருக்கு எர்த் வயரோடு மூன்று முள் பிளக் வேண்டும், வீட்டில் ட்றிப் சுவிச் வேலை செய்யவேண்டும். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று தொடாதீர்கள்.

தானாக நிற்கும் சார்ஜர் என்றால் பற்றரி நிறைந்ததும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய ரான்ஸ்போமர் சார்ஜருக்கு அந்த அறிவு கிடையாது, மணிக்கூடுதான் பார்க்கவேண்டும். பாதி இறங்கிய 35 அம்பியர் மணிப் பற்றரிக்கு மூன்றரை அம்பியரில் ஐந்து, ஆறு மணித்தியாலம் போதும். அதைக் கொழுவிவிட்டுப் படுக்கப் போவதென்றால், விடியும்வரை அது கொதிக்கும். இடையில் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். கூழ்முட்டை மணம் வந்தால் உடனே சுவரில் நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். அது ஐதரசன் சல்பைட்டு, நச்சு வாயு. கரண்ட் போனாலும் சுவரில் நிறுத்திவிடுங்கள், அது திரும்பி வரும் நேரத்தில் நீங்கள் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும்.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மூடி திறக்கும் பற்றரியில் மட்டம் குறைந்தால் விடவேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறியது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அது பற்றரித் தகட்டிலும் வேலையைக் காட்டும். அசிட் விடுவது அதைவிடப் பிழை. குறைவது தண்ணீர்தான், அசிட் உள்ளேயே இருக்கிறது. தகடு வெளியே தெரிந்தால் மூடும் அளவுக்கு மட்டும் விட்டுச் சார்ஜ் போட்டு, மட்டத்தைப் பிறகு நிரப்பவேண்டும். முதலிலேயே முட்ட நிரப்பினால் சார்ஜில் பொங்கி வழியும். முழுக்க மூடிய பற்றரியைக் குத்தித் திறக்க வேண்டாம்.

அசிட் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம், கண்ணைத் திறந்து பிடித்தபடி கழுவவேண்டும். இருபது நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். அந்த நேரத்தில் மற்றவர் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடலாம். தாய்ப்பால், எண்ணெய், சுண்ணாம்பு ஒன்றும் விடக்கூடாது, தேய்க்கவும் கூடாது. உடுப்பில் பட்டதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோலையும் கழுவுங்கள். சார்ஜ் போடும் இடத்தில் ஒரு வாளி தண்ணீரும், வெல்டிங் கடையில் வாங்கும் சாதாரணக் கண்ணாடியும் இருந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணோடு வாழ்பவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அவர்கள் கண்ணாடி போடாமல் பற்றரிக்குக் கிட்டப் போகவே கூடாது.

எல்லாம் செய்தும் பற்றரி நிற்கவில்லை என்றால் சார்ஜரைக் குறை சொல்ல வேண்டாம். சார்ஜ் போட்டு சில மணித்தியாலம் ஓய்வில் விட்டு அளந்தால் நல்ல பற்றரி 12.6 வோல்ற்றுக்கு மேலே காட்டும். 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட வெறுமை. வெறுமையாக நாட்கணக்கில் கிடக்கும் பற்றரியின் தகட்டில் ஈய சல்பேற்று கெட்டியாகப் படிந்துவிடும். 2022இல் எரிபொருள் இல்லாமல் நிறுத்தி வைத்த வண்டிகளில் பல பற்றரிகள் அப்படித்தான் செத்தன. செத்ததைக் கடையில் கொடுத்துவிடுங்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்க்க வளவுக்குள் உடைத்து உருக்குவது, பிள்ளைகளின் மூளைக்கு விஷம் ஊட்டுவதற்குச் சமம். அசிட்டை நிலத்தில் ஊற்றினால் அது உங்கள் கிணற்றுக்கே வரும்.

ஓட்டோக்காரர் இப்போது தானாக நிற்கும் சார்ஜர் ஒன்று வாங்கியிருக்கிறார். பிளக்கை வெளிப்பத்திக்கு மாற்றிவிட்டார். கிளிப் கழற்ற முதல் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து, “அக்கா, கழட்டப்போறன்” என்று ஒரு சத்தம் போடுவார். அம்மா கேட்டுக்கொண்டது அது.