அலாஸ்காவின் கப்பல்–ரயில் சுற்றுலா

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியிலிருந்து அக்டோபர் வரை நடக்கும் கோடைகாலப் பயணம் இது. சியாட்டிலிலோ கனடாவின் வான்கூவரிலோ கப்பலேறுகிறவர்கள், தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே அலையடங்கிக் கிடக்கும் உள்வழிக் கடலில் வடக்கே செல்கிறார்கள். ஸ்காக்வே துறைமுகத்தில் இறங்கி வெள்ளைக் கணவாய்க்கு மலை ரயிலில் ஏறுகிறார்கள். சிலர் சூவர்டிலோ விட்டியரிலோ கப்பலை விட்டிறங்கி, அலாஸ்கா ரயிலில் டெனாலி தேசியப் பூங்கா வரை போகிறார்கள். மாநிலம் எடுத்த பயணிகள் கணக்கெடுப்புகளில் வருவோரின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. பணி ஓய்வு பெற்ற தம்பதியரே இந்தப் பயணத்தின் முதுகெலும்பு. அதனால் இது முதியவர்களுக்கென்றே சுற்றுலா நிறுவனங்கள் திட்டமிட்டு உருவாக்கியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கடல்வழியில் முதலில் ஓடியவை தபாலும் சரக்கும் ஏற்றிய கப்பல்கள். இரண்டு ரயில் பாதைகளும் தங்கத்துக்கும் நிலக்கரிக்கும் போடப்பட்டவை. அந்த வேலைகள் குறைந்தபோதும் நின்றுபோனபோதும் இவற்றுக்கு மறுவாழ்வு தந்தவை, அவசரம் தீர்ந்த மனிதர்களின் நேரமும் ஓய்வூதியமும்தான்.

தபால் கப்பலில் வந்தவர்கள்

1867-ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்கா வாங்கியது. அதன்பின் தெற்குக் கரையோரக் குடியிருப்புகளுக்குத் தபாலும் சரக்கும் கொண்டுசென்ற நீராவிக் கப்பல்களில் ஓரிரு அறைகள் காலியாக இருந்தன. அந்த அறைகளில்தான் முதல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 1879-ல் இயற்கையாளர் ஜான் மியூர், டிலிங்கிட் பழங்குடியினர் துடுப்புப் போட்ட படகில் பனியாற்று விரிகுடாவைச் சென்று பார்த்தார். நான்கே ஆண்டுகளில், 1883-ல், கேப்டன் ஜேம்ஸ் கேரல் தம்முடைய 'ஐடஹோ' கப்பலை அதே விரிகுடாவுக்குள் செலுத்தினார். அதில் பயணம் செய்த எலைசா சிட்மோர் என்ற பத்திரிகையாளர் 1885-ல் வெளியிட்ட நூல், அலாஸ்காவுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. பசிபிக் கரையோர நீராவிக் கப்பல் நிறுவனம் அடுத்தடுத்த கோடைகளில் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிவந்தது. கடலுக்குள் நேராக இடிந்து விழும் மியூர் பனியாற்றின் முகப்பே அன்றைய பயணத்தின் உச்சம். 1899 செப்டம்பரில் ஏற்பட்ட பெரிய நிலநடுக்கம் அந்த முகப்பை உடைத்தெறிந்தது. விரிகுடா முழுக்கப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டதால் கப்பல்கள் உள்ளே போக முடியாமல் போயிற்று. இந்தப் பயணம் இயற்கையின் தயவில் நிற்பது என்பதை முதன்முதலில் காட்டிய நிகழ்ச்சி அது.

அதே 1899-ல்தான் கப்பலும் ரயிலும் சேர்ந்த பயணத்துக்குப் புகழ்பெற்ற முன்மாதிரி அமைந்தது. ஓய்வெடுக்கும்படி மருத்துவர் சொன்னதால், ரயில் நிறுவன அதிபர் எட்வர்ட் ஹாரிமன் 'ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்' என்ற கப்பலை அமர்த்தினார். குடும்பத்தோடும், அறிஞர்களும் ஓவியர்களும் அடங்கிய பெரிய குழுவோடும் மே இறுதியில் சியாட்டிலிலிருந்து புறப்பட்டார். அந்தக் குழுவில் அறுபதைத் தாண்டிய மியூரும் எழுத்தாளர் ஜான் பரோஸும் இருந்தார்கள். ஸ்காக்வேயில் இறங்கிய அவர்கள், அப்போதுதான் கணவாய் உச்சி வரை எட்டியிருந்த புதிய ரயிலில் ஏறி மலையைப் பார்த்தார்கள்.

தங்கத்துக்குப் போட்ட பாதை

1896-ல் கனடாவின் கிளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. பல்லாயிரம் பேர் ஸ்காக்வேயிலும் பக்கத்து டையேயிலும் வந்திறங்கி, மலையைக் கடக்க முண்டியடித்தார்கள். வெள்ளைக் கணவாய்த் தடத்தில் சுமார் 3,000 குதிரைகள் செத்து விழுந்தன. 1898 மே மாதம் தொடங்கிய ரயில் வேலைக்கு லண்டனைச் சேர்ந்த குளோஸ் சகோதரர்கள் பணம் போட்டார்கள். மைக்கேல் ஹெனி ஒப்பந்தம் எடுத்தார். 1900 ஜூலை 29-ல் ஸ்காக்வேயிலிருந்து கனடாவின் வைட்ஹார்ஸ் வரையிலான பாதை, சுமார் 177 கிலோமீட்டர், முழுமையடைந்தது. இருப்புப்பாதையின் அகலம் 914 மில்லிமீட்டர்தான்; நீலகிரி மலை ரயிலின் மீட்டர் பாதையைவிட ஒடுக்கம். பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்று செங்குத்தாக ஏறும் நீலகிரிப் பாதைக்குப் பல்சக்கரம் தேவைப்பட்டது. இருபத்தாறு அடிக்கு ஓரடி ஏறும் வெள்ளைக் கணவாய் ரயில் அது இல்லாமலே, சுமார் 32 கிலோமீட்டருக்குள் 870 மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. பாதை முடிந்தபோது தங்க வேட்டையின் வேகம் தணிந்திருந்தது. பிறகு சுரங்கத் தாதுவும், 1942 முதல் அமெரிக்க ராணுவத்தின் சரக்கும் ரயிலை ஓட்டின. இடைப்பட்ட 1920-களில் சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். வழியிலுள்ள கார்க்ராஸில் ரயிலை விட்டிறங்கி, 'டுட்ஷி' என்ற சக்கரப் படகில் டாகிஷ் ஏரியின் மறுகோடிக்குப் போவார்கள். ஆளரவமற்ற அந்தக் கரையில் ஆட்டோ–கேட் பார்ட்ரிட்ஜ் என்ற முதிய தம்பதி தாங்கள் வளர்த்த பூந்தோட்டத்தைக் காட்டி அவர்களை உபசரித்தார்கள். சுரங்கத் தொழில் பொய்த்த இடத்தில் ஒரு தோட்டம் பயணிகளை வரவழைத்தது. இந்த வட்டாரத்தின் பிற்கால வரலாறு அந்தக் கரையில் சிறிய அளவில் முன்கூட்டியே நடந்துவிட்டது.

1982-ல் உலோக விலை சரிந்தது. ஈயம் எடுத்த ஃபாரோ சுரங்கம் மூடப்பட்டதும் ரயிலும் நின்றது. அதற்குள் ஸ்காக்வேக்கு நெடுஞ்சாலையும் வந்திருந்ததால், இனிச் சரக்குக்கு ரயில் வேண்டியிருக்கவில்லை. ஆனால் 1988-ல் அதே ரயில் சரக்கு இல்லாமல், கப்பலில் வந்திறங்கும் பயணிகளை மட்டும் நம்பி மறுபடி ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதை கப்பல் துறை வரையில் நீண்டிருப்பதால், கப்பலை விட்டிறங்கியவர் சில நூறு அடி நடந்து ரயிலில் உட்கார்ந்துவிடலாம். ஏரிகளின், ஆறுகளின் பெயர் தாங்கிய பழைய பாணிப் பெட்டிகள். முனையில் நின்று பார்க்கத் திறந்த மேடை. கீழே பள்ளத்தாக்கில் குதிரைகள் மடிந்த தடம். 1901-ல் கட்டி 1969-ல் கைவிட்ட இரும்புப் பாலம். போய்வர மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நல்ல ஆண்டுகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் ஏறியிருக்கிறார்கள்.

அரசாங்கம் போட்ட பாதை

இரண்டாவது ரயிலின் கதையும் இதே போக்கில் செல்கிறது. உள்நாட்டைத் திறக்கவும் நிலக்கரியைக் கடற்கரைக்குக் கொண்டுவரவும் 1914-ல் சட்டம் இயற்றி, சூவர்டிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை சுமார் 756 கிலோமீட்டர் பாதையை மத்திய அரசே போட்டது. 1915-ல் வேலையாட்களின் கூடாரக் குடியிருப்பாகத் தோன்றிய ஊர்தான் இன்றைய ஆங்கரேஜ். 1923 ஜூலை 15-ல் நெனானாவில் குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங் தங்க ஆணியடித்துப் பாதையை நிறைவு செய்தார். அவரும் மனைவி ஃபுளாரன்ஸும் அலாஸ்காவுக்குக் கப்பலில் வந்து, சூவர்டிலிருந்து ரயிலில் ஏறி அங்கே சென்றார்கள். இன்று தம்பதியர் போகும் வழியின் சாரமும் அதுதான். 1971-ல் ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை நிறைவடைந்ததும், ரயிலுக்கு இனி என்ன வேலை என்ற கேள்வி இங்கும் எழுந்தது. 1985-ல் மாநில அரசு அதை மத்திய அரசிடமிருந்து வாங்கிக்கொண்டது. அதே பத்தாண்டில் கப்பல் நிறுவனங்களோடு இணைந்த சுற்றுலாக்காரர்கள் கண்ணாடிக் கூரைப் பெட்டிகளைக் கொண்டுவந்து, அலாஸ்கா ரயிலின் எஞ்சினுக்குப் பின்னால் கோத்தார்கள். மேல்தளத்தில் இருக்கை, கீழே உணவுக்கூடம். 90 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் 'ஹரிகேன் கல்ச்' பாலத்தை இருக்கையை விட்டு எழாமலே பார்க்கலாம்.

ஓய்வூதியமும் ஓய்ந்த கப்பல்களும்

கப்பல்களும் ரயில்களைப் போலவே வேலை இழந்தன. அலாஸ்கா நீராவிக் கப்பல் நிறுவனம் 1954-ல் பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் விமானத்துக்கு மாறிவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில் விமானியாக இருந்த சக் வெஸ்ட் சுற்றுலாவை வளர்த்தார். அவருடைய நிறுவனத்தை 1971-ல் ஹாலந்து அமெரிக்கா கப்பல் நிறுவனம் வாங்கியது. 1965-ல் ஸ்டான்லி மெக்டொனால்ட், குளிர்காலத்தில் சும்மா நின்ற 'பிரின்சஸ் பட்ரீஷியா' என்ற கனடியக் கப்பலை வாடகைக்கு எடுத்து மெக்சிகோவுக்கு ஓட்டினார். பின்னர் அலாஸ்காவுக்கும் வந்த பிரின்சஸ் கப்பல் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். இதே காலத்தில் அமெரிக்கச் சமூகத்தில் வேறொரு மாற்றம் முற்றியிருந்தது. 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 65 வயதில் ஓய்வூதியத்தை உறுதி செய்தது. 1965-ல் முதியோர் மருத்துவக் காப்பீடு வந்தது. உடல் ஓரளவு நலமாக, கையில் மாதப் பணத்தோடு, எங்கும் விரைந்து போக வேண்டியிராத ஒரு தலைமுறை பெருந்திரளாக உருவாயிற்று. வேகத்தில் தோற்ற வாகனங்களுக்கு வேகம் தேவைப்படாத பயணிகள் கிடைத்தார்கள்.

கப்பலின் நடைமுறைகளும் இதற்குப் பொருந்தின. கட்டணத்தை ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று விதிப்பதும், தனியாக வருகிறவரிடம் கூடுதலாக வாங்குவதும் இந்தத் தொழிலின் பொது வழக்கம். ஆகவே கணக்கின் அடிப்படையே தம்பதிதான். மூட்டைமுடிச்சை ஒரு முறை பிரித்தால் போதும், தூங்கும் நேரத்தில் கப்பல் அடுத்த ஊருக்குப் போய்விடும், மருத்துவர் கப்பலிலேயே இருப்பார். சட்டமும் பாதையைத் தீர்மானித்தது. 1886-ன் பயணிக் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொன்றில் இறக்கிவிடக் கூடாது. ஆகவே சியாட்டில் கப்பல்கள் இடையில் கனடாவைத் தொட்டுவிட்டுச் சியாட்டிலுக்கே திரும்புகின்றன. ஒருவழியாகப் போய் ரயிலேற விரும்புகிறவர்கள் வான்கூவரிலிருந்து கிளம்புகிறார்கள்.

மறுப்புகளும் விடைகளும்

இதெல்லாம் விளம்பரத்தால் உண்டான ஆசை என்பது முதல் மறுப்பு. 2018-ல் ஒரு பெரிய கப்பல் குழுமமும் அதன் கூட்டாளியும் சேர்ந்து வெள்ளைக் கணவாய் ரயிலையே வாங்கினார்கள். கண்ணாடிக் கூரைப் பெட்டிகள் பலவும் கப்பல் நிறுவனங்களுக்குச் சொந்தம். நிறுவனங்களின் பிடி இறுகியிருப்பது உண்மை. ஆனால் வாங்குவதற்கு ஒன்று முன்பே இருந்தது: 1883-லேயே தபால் கப்பலில் இடம் தேடி வந்தவர்களின் ஆர்வம். 2020-ல் பெருந்தொற்றால் பெரிய கப்பல்கள் வராதபோது வெள்ளைக் கணவாய் ரயிலும் ஓடவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஸ்காக்வே வருமானமின்றித் தவித்தது. அடுத்த ஆண்டு கனடா துறைமுகங்களைத் திறக்காததால், 1886-ன் சட்டத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. விளம்பரம் கூட்டத்தைப் பெருக்கலாம். ஒரு ரயிலின் உயிரே அந்தக் கூட்டத்தில் தங்கியிருக்கிறது என்றால், அது வெறும் விளம்பரத்தின் விளைவாக இருக்க முடியாது.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது பயணமே அல்ல என்பது இரண்டாவது மறுப்பு. நடந்தும் மலையேறியும் காண்பவர்கள் இப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. முழங்கால் ஒத்துழைக்காத எழுபது வயதினருக்கு, கப்பல் தளமும் ரயில் இருக்கையும் இல்லையென்றால் இந்த நிலம் வெறும் படம்தான். பனியாற்று விரிகுடாவில் பூங்கா அலுவலர்கள் படகில் வந்து கப்பலேறி, பனியாறுகளின் வரலாற்றையும் அங்கே வாழ்ந்த ஹூனா டிலிங்கிட் மக்களின் வரலாற்றையும் எடுத்துச் சொல்கிறார்கள். உட்கார்ந்தபடி கேட்டாலும் அறிவு அறிவுதான். முதுமையில் காணும் விருப்பம் குறைவதில்லை, எட்டும் வழிதான் குறைகிறது என்பதை ஒப்புக்கொண்டால், அந்த வழியை இகழ்வது சரியாகாது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. கப்பல்கள் கடலையும் காற்றையும் மாசுபடுத்துகின்றன, சிற்றூர்களைத் திணறடிக்கின்றன. 2023-ல் அலாஸ்காவுக்கு 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்தார்கள். ஜூனோவின் மக்கள்தொகை சுமார் 32,000. எரிபொருள் கக்கும் கரியமில வாயுவில் இந்தப் பயணத்துக்கும் பங்குண்டு. மியூர் பனியாறு இன்று பின்வாங்கி, கடலைத் தொடுவதே இல்லை. இதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தீங்கின் பெரும்பகுதி எண்ணிக்கையிலிருந்து வருகிறது. எண்ணிக்கையை அடக்க முடியும் என்பதற்கு அலாஸ்காவே சான்று. பனியாற்று விரிகுடாவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. 2001-ல் மாநிலம் கழிவுநீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூனோவில் நிற்கும் சில கப்பல்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கின. 2006-ல் வாக்காளர்களே கப்பல் பயணிகள் மீதான தலைவரிக்கு ஒப்புதல் தந்தார்கள். 2024 முதல் ஜூனோவில் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான். உரிமையும் மாறக்கூடியது. ஹூனா என்ற ஊரில் 1912-ல் எழுந்த மீன் பதப்படுத்தும் ஆலை, தொழில் ஓய்ந்தபின் 2004-ல் கப்பல் துறையாயிற்று. அதை நடத்துவது டிலிங்கிட் மக்களின் சொந்த நிறுவனமான ஹூனா டோட்டம்.

ஹூனாவின் ஆலையும் ஸ்காக்வேயின் ரயிலும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. மீன், தங்கம், ஈயம் எல்லாமே எடுத்தால் தீர்ந்துபோகிறவை. அவற்றை நம்பிய ஊர்கள் பல கைவிடப்பட்டன. பார்க்க வருகிறவர்கள் எதையும் தோண்டிக்கொண்டு போவதில்லை என்பதால், அளவோடு வந்தால் அவர்களைக் கொண்டு ஊர் நெடுநாள் பிழைக்கலாம். அளவு மீறினால், அவர்கள் காண வரும் பனியாறும் கடலும் அமைதியும் தங்கத்தைப் போலவே தீர்ந்துபோகும். முதிய தம்பதியருக்கு இந்தப் பயணம் வேண்டும். அந்த ஊர்களுக்கும் அவர்கள் வேண்டும். எத்தனை பேர், எந்த விதிப்படி, யாருடைய லாபத்துக்கு என்பதைக் கப்பல் நிறுவனங்களிடம் விட்டுவிடாமல் கரையில் வாழ்கிறவர்களே முடிவு செய்யும் வரையில்தான் இந்த ஏற்பாடு நீடிக்கும்.