அறிவு இருந்தது, ஆறு நாறியது

ஆற்றைக் காப்பாற்ற அறிவு ஒண்ணே போதும்னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொன்னார். ஒரு சின்ன ஊரோட வரலாறு சொல்றேன், கேளுங்க.

அமெரிக்காவில் மெரிமாக் ஆற்றங்கரையில் லாரன்ஸ் என்று ஒரு நெசவாலை நகரம். மேலே இருந்த லோவல் நகரம் சாக்கடையை ஆற்றில் விட்டது. கீழே லாரன்ஸ் அதே தண்ணீரைக் குடித்தது. 1890-91இல் டைபாய்டு வந்து உயிர்களைக் கொண்டு போனது.

வேடிக்கை என்னன்னா, 1887இலேயே கழிவுநீர் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் அதே லாரன்ஸில்தான்! மணல் படுகையில் கழிவுநீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்றுவிடும் என்று உலகத்துக்கே காட்டினாங்க. 1893இல் குடிதண்ணீருக்கு மணல் வடிகட்டி வந்தது, டைபாய்டும் குறைஞ்சது. ஆனா ஆறு? அதுல சாக்கடை ஓடிக்கிட்டேதான் இருந்தது!

1972இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தது. ஊர்கள் சுத்திகரிப்பு நிலையம் கட்ட மானியமும் தந்தது. 1977இல்தான் லாரன்ஸ் வட்டாரத்துக்குச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கியது. கணக்குப் போடுங்க, 90 வருஷம்!

மருந்து இருந்த வீட்டிலேயே நோயாளி கிடந்தாருங்க. அறிவு வழி காட்டும். நடக்க வைப்பது சட்டமே என்று கூறி அமர்கிறேன்.