நூற்பட்டியலும் கணிப்பொறியும்: பெங்களூர் உணர்த்தும் படிப்பினை

1. முன்னுரை

உயர்கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்தக் கணிப்பொறி வாங்கப்பட்டது, எந்த வலையமைப்பு நிறுவப்பட்டது என்பனவே அவற்றில் முதலிடம் பெறுகின்றன. ஆனால் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி ஆளும் பொருளோ நூலும் ஆய்வேடும் அவற்றைப் பற்றிய குறிப்புகளுமே. இவை யாவும் சொல்லால் ஆனவை. ஆகவே அச்சொல் எம்மொழியில், எவ்வெழுத்தில் பதியப்பட்டது என்பதும் அவ்வரலாற்றின் ஒரு கூறாதல் வேண்டும். பெங்களூரின் உயர்கல்வி நிறுவனங்களை மையமாகக் கொண்டு அக்கூற்றினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அரங்கநாதனின் மூன்று தளங்கள்

சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்றார். அவருடைய கோலன் பகுப்புமுறை 1933-இல் வெளிவந்தது. பின்னர்ப் பெங்களூரில் குடியேறிய அவர், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையத்தை 1962-இல் அந்நகரில் தோற்றுவித்தார். 1972-இல் அங்கேயே மறைந்தார்.

பகுப்பாய்வுப் பணி கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என மூன்று தளங்களில் நிகழ்கிறது என்பது அவர் கொள்கை. ஒரு நூல் எதைப் பற்றியது என்பதை முதற்கண் கருத்தளவில் துணிதல் வேண்டும். அடுத்து அதனை ஐயமற்ற சொல்லால் பெயரிடல் வேண்டும். இறுதியாகவே அதற்குக் குறியீடு வழங்கல் வேண்டும். மொழியியலார்க்கு இப்பாகுபாடு புதுமையன்று. பொருள், சொல், எழுத்து என்னும் வைப்புமுறையோடு இதனை ஒப்புநோக்கலாம்.

கணிப்பொறி கையாள்வது குறியீட்டுத் தளத்தை மட்டுமே. அரங்கநாதன் நிறுவிய மையத்தில் கணேஷ் பட்டாச்சார்யா உருவாக்கிய பொருளடைவு முறை, கருத்துத் தளத்தையும் ஆங்கிலச் சொல் தளத்தையும் பொறிக்கு இணங்க ஒழுங்குபடுத்தியது. இந்திய மொழிகளின் சொல் தளமோ நெடுங்காலம் பொறிக்கு வெளியிலேயே நின்றது.

3. பொறிகளும் வலையமைப்புகளும்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1970-இல் கணிப்பொறி மையம் தொடங்கப்பெற்று, ஐபிஎம் 360 வரிசையைச் சார்ந்த கணிப்பொறி நிறுவப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 1983-இல் இக்கழகத்திலேயே தேசிய அறிவியல் தகவல் மையத்தை ஏற்படுத்தியது. ஆய்வாளர்களின் துறைக்கேற்ப அண்மைக் கட்டுரைகளைத் தெரிந்து அறிவிப்பது இம்மையத்தின் தலையாய பணியாக இருந்தது. 1986-இல் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு தொடங்கிய எர்நெட் எனும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் எட்டு முதல் உறுப்புகளுள் இந்திய அறிவியல் கழகமும் ஒன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிட்டிய நாள் 1995 ஆகஸ்டு 15 என்பதை நோக்க, கல்வி நிறுவனங்கள் இதில் எத்துணை முந்தியிருந்தன என்பது புலனாகும். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் திட்டம் 1991-இல் உருப்பெற்றது.

இவ்வமைப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவியலுக்குப் பெரும்பயன் விளைத்தன. தமிழ் நூல்களுக்கு விளைந்தது யாது என்பதே அடுத்து எழும் வினா.

4. எழுத்தின் இழப்பு

அட்டைப் பட்டியலில் தமிழ் நூலின் தலைப்பைத் தமிழிலேயே எழுதத் தடை ஏதுமில்லை. கணிப்பொறிப் பட்டியல் வந்தபோது அவ்வாய்ப்புக் குறைந்தது. அக்காலப் பொறிகளில் பெருவழக்காயிருந்த அமெரிக்கச் செந்தரக் குறிமுறையில் இருந்தவை 128 இடங்களே. உரோமன் எழுத்துகளின் மேலும் கீழும் இடும் ஒலிக்குறிகளுக்குக்கூட அதில் இடமில்லை. எனவே தமிழ்த் தலைப்புகள் பல நூலகங்களில் வெற்று உரோமன் எழுத்தில் பதியப்பட்டன.

இதன் விளைவை எளிய சான்றால் காட்டலாம். கலம், களம், காலம் என்னும் மூன்று சொற்களும் ஒலிக்குறியற்ற உரோமன் எழுத்தில் ஒரே வடிவம் பெறுகின்றன. மனம், மணம் என்பனவும் பல்லி, பள்ளி என்பனவும் அவ்வாறே. இதற்கு மறுதலையாக, ஒரே சொல் பல வடிவம் பெறுவதும் உண்டு. தொல்காப்பியம் என்பதை ஒருவர் 'டி' என்னும் எழுத்தால் தொடங்குவார். மற்றொருவர் அதனோடு 'எச்' சேர்ப்பார். முன்னதில் வேறுபட்டவை ஒன்றாகின்றன. பின்னதில் ஒன்று பலவாகிறது. இரண்டிடத்தும் தேடுவோர் ஏமாற்றமே எய்துவர்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பத்து இலட்சம் நூல் திட்டத்தோடு இணைந்து, இந்திய அறிவியல் கழகம் முன்னின்று நடத்திய இந்திய மின்னூலகத்திலும் இச்சிக்கல் தொடர்ந்தது. அரிய தமிழ் நூல்கள் பல அதனால் உலகிற்குக் கிடைத்தன என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் அவற்றின் தலைப்புகள் உரோமன் எழுத்தில், ஒரு நெறிப்படாது அமைந்தமையால், நூல் உள்ளே இருந்தும் இல்லாததாயிற்று. முன்பே மொழிபெயர்க்கப்பட்ட நூலை அறியாது மீண்டும் மொழிபெயர்க்கவும், அச்சில் உள்ள ஆட்சிச் சொல்லை விடுத்துப் புதிய கலைச்சொல்லைப் படைக்கவும் இந்நிலை இடந்தருகிறது.

5. எழுத்தின் மீட்சி

இக்குறையைப் போக்கும் முயற்சிகள் ஒருங்கே நிகழவில்லை. இந்திய மொழிகளுக்குரிய இஸ்கி குறிமுறை 1991-இல் இந்தியத் தர நிருணயமாயிற்று. அதே ஆண்டில் ஒருங்குறியின் முதற்பதிப்பு தமிழுக்குத் தனியிடம் அளித்தது. ஆயினும் எழுத்துருதோறும் வெவ்வேறு குறிமுறை வழங்கியதால், ஓரிடத்தில் தட்டச்சு செய்தது மற்றோரிடத்தில் படிக்க இயலாததாயிற்று. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறிமுறைகளை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இன்ஃப்லிப்நெட்டின் சோல் நூலக மென்பொருள் 2009-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒருங்குறியை ஏற்றது. இந்திய அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் துறையில் தமிழ் அச்செழுத்தைப் படித்தறியும் மென்பொருளும் உருவாக்கப்பட்டது.

1991-இல் தரம் வகுக்கப்பட்டது. பல்கலைக்கழக நூலக மென்பொருளில் அது இடம்பெற்றதோ 2009-இல். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் உரோமன் எழுத்தில் பதியப்பட்டவை மென்பொருள் மாறியதால் தாமே தமிழாகிவிடா. அவ்வாறே பழைய எழுத்துருவில் அமைந்த ஆய்வேடு கோப்பாகக் கிடைப்பினும், அதன் குறிமுறையை மாற்றாதவரை தேடலுக்கு அகப்படாது.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால், தகவல் தொழில்நுட்ப மேலாண்மை என்பது பொறியை வாங்கிப் பேணுதல் மட்டுமன்று என்பது பெறப்படும். கருத்து, சொல், குறியீடு என்னும் வரிசையைத் தலைகீழாக்கிக் குறியீட்டிலிருந்து தொடங்கியதன் விலையைத் தமிழ் ஆய்வுலகம் இன்றும் செலுத்தி வருகிறது. உரோமன் பதிவுகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் தமிழாக்குவதும், மொழிபெயர்ப்பு நூலின் பதிவில் மூலநூலின் பெயரை அதன் எழுத்திலேயே சேர்ப்பதும் பொறியாளர் தனித்து ஆற்றக்கூடிய பணிகள் அல்ல. களமா காலமா எனத் துணியும் அறிவு மொழியறிந்தாரிடமே உள்ளது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் நூலகரோடு ஒருங்கமர்ந்து இப்பணியை மேற்கொள்வாராயின், அரங்கநாதன் நடுத்தளமாக வைத்த சொல் தளம் கணிப்பொறிப் பட்டியலிலும் தனக்குரிய இடத்தைப் பெறும்.